பனிமலையிலும் பனிச்சறுக்கு விடுதிகளிலும் நடக்கும் நகைச்சுவைப் படங்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? ஆட்கள் வழுக்கி விழுவதைத் தவிர அவற்றில் வேறு என்ன இருக்கிறது?

வழுக்கி விழுவதெல்லாம் முதல் பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். எனக்குப் பிடித்த படங்களில் ஆள் விழும்போது வருவதைவிட மாட்டிக்கொள்ளும்போதுதான் அதிகம் சிரிப்பு வரும். மலைமேல் போய்விட்டால் நினைத்த நேரத்துக்கு இறங்க முடியாது. கூட வந்தவர்களைப் பிடிக்கவில்லை என்றாலும் அவர்களோடுதான் இருந்தாக வேண்டும்.

ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கம்பி வழியாக மலைமேல் ஏற்றும் சேர் லிஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1936இல் திறந்த சன் வேலி விடுதிக்காக, யூனியன் பசிபிக் ரயில் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் கரன் வடிவமைத்தது அது. கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரத்திலிருந்து எடுத்த யோசனை. கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாமும் வாழைத்தார்தான். நான் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறேன். உட்காருவது சுலபம், நாற்காலியே பின்னால் வந்து காலில் தட்டி உட்கார வைத்துவிடும். ஆனால் மேலே போனதும் அது நமக்காக நிற்காது; சரியான நொடியில் எழுந்து சறுக்கிப் போய்விட வேண்டும். எழலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நாற்காலி திரும்பத் தொடங்கிவிட்டது. பதறிக் குதித்ததில் முகம் பனியில், காலில் மாட்டிய சறுக்குப் பலகைகள் பின்னிக்கொண்டு கிடந்தன. இயக்குபவர் லிஃப்டை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த அத்தனை பேரும் அந்தரத்தில் காலை ஆட்டிக்கொண்டு, நான் எழுந்து நிற்கும்வரை வேடிக்கை பார்த்தார்கள்.

அதனால்தானோ என்னவோ, 1979இல் வந்த பிரெஞ்சுப் படம் 'லே ப்ரோன்ஸே ஃபோன் து ஸ்கீ' எனக்கு ரொம்ப நெருக்கம். பாத்ரிஸ் லெகோந்த் இயக்கியது, வால் திசேர் என்ற ஆல்ப்ஸ் மலை ஊரில் எடுத்தது. மிஷேல் பிளாங்க் நடித்த ஜான் க்ளோத் துஸ் என்ற பாத்திரம், ஊரே கடையைக் கட்டிய பிறகு லிஃப்டில் தனியாக மாட்டிக்கொள்ளும். இருட்டுகிறது, குளிர் ஏறுகிறது, யாருமில்லை. அந்த ஆள் பாட ஆரம்பிக்கிறார்! பயத்தை மறைக்கப் பாடும் அந்தக் குரலில் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். அப்புறம் மொத்தக் கூட்டமும் வழி தவறி மலைவாசிகள் வீட்டில் தஞ்சம் புகும் இடம். உயிரைக் காப்பாற்றியவர்கள் ஆசையாகப் பரிமாறுவதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? அவர்கள் ஊற்றிக் கொடுக்கும் சாராயப் புட்டிக்குள் ஒரு தேரை கிடக்கிறது.

இந்த வகைக்கெல்லாம் மூத்தது சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925). சறுக்கு விடுதி எதுவும் கிடையாது, கனடாவின் க்ளோண்டைக் தங்க வேட்டைக் காலத்துப் பனிதான். 1846இல் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய டோனர் குழுவின் கதையைப் படித்ததும் இந்தப் படத்துக்கு ஒரு தூண்டுதல் என்று சாப்ளினே எழுதியிருக்கிறார். பசியில் செத்தவர்களைத் தின்றும், காலணித் தோலை வேகவைத்தும் பிழைத்தவர்கள் அவர்கள். அதிலிருந்துதான் பசி தாங்காமல் சாப்ளின் தன் பூட்ஸையே வேகவைத்துத் தின்னும் விருந்து பிறந்தது. லேஸை நூடுல்ஸ் போலச் சுற்றிச் சாப்பிடுவார், ஆணியை எலும்பு போல உறிஞ்சுவார். பூட்ஸை அதிமதுர மிட்டாயில் செய்திருந்தார்கள். மலை உச்சியில் பாதி வெளியே தொங்கும் குடிசைக்குள் சாப்ளினும் அவர் கூட்டாளியும் இருமினாலே தரை சாயும் காட்சியை இப்போது பார்த்தாலும் நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

அமெரிக்கர்களின் சறுக்கு விடுதிப் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. பணக்கார வில்லன், வேலைவெட்டி இல்லாத நாலு பையன்கள், கடைசியில் ஒரு போட்டி. தைரியமாகத் தவிர்க்கலாம். விதிவிலக்கு 'பெட்டர் ஆஃப் டெட்' (1985). இரண்டு டாலர் பாக்கிக்காகப் பேப்பர் போடும் பையன் பனிச்சரிவிலும் கதாநாயகனை விடாமல் துரத்துவான். அதில் நடித்த ஜான் குசாக்கே 2010இல் 'ஹாட் டப் டைம் மெஷின்' படத்தில் இன்னொரு சறுக்கு விடுதி வழியாக 1986க்குத் திரும்பிப் போனார். 'டம் அண்ட் டம்மர்' (1994) பற்றி ஒரு வரி போதும்: லிஃப்டின் உறைந்த இரும்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் இடம். இரும்பு நாக்கின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் எச்சில் அப்படியே உறைந்துவிடுகிறது, நிஜத்திலும் நடப்பதுதான். 'எடி தி ஈகிள்' (2016) நல்ல மனசுள்ள படம். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரண்டு பனித்தாவல் போட்டிகளிலும் கடைசியாக வந்தவரின் கதை. ஹியூ ஜாக்மன் நடித்த பயிற்சியாளர் கற்பனைப் பாத்திரம்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஸ்வீடன் இயக்குநர் ரூபன் ஆஸ்ட்லண்டின் 'ஃபோர்ஸ் மஜூர்' (2014) பாருங்கள். ஒரு ஸ்வீடன் குடும்பம் ஆல்ப்ஸ் மலை உணவகத்தின் திறந்த மாடியில் சாப்பிடுகிறது. எதிர்மலையில் பனி சரிகிறது. ஆபத்தான அளவுக்குப் பனி சேருமுன் வெடிவைத்து விடுதிக்காரர்களே சரியவிடுவது வழக்கம், அதனால் அப்பா நிதானமாகப் போனில் படம் எடுக்கிறார். பனிப்புகை கிட்டே வர வர எல்லோரும் அலறுகிறார்கள். அம்மா பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறாள். அப்பா போனையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார். காட்சி முழுக்கக் கேமரா அசையாது. புகை அடங்குகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்பி வந்து, எதுவுமே நடக்காதது மாதிரி உட்காருகிறார். அதன்பிறகு 'நான் ஓடவில்லை' என்று அவர் வெகுநேரம் சாதிப்பார். 2020இல் இதை 'டவுன்ஹில்' என்று அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்கள், மூலப் படத்தின் கூர்மை அதில் இல்லை.

கணவன் மனைவியாகச் சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே தயாராக இருங்கள். படம் முடிந்ததும் 'நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?' என்று கேள்வி வரும். எனக்கு வந்தது. பதில் சொல்வதற்கு முன் இரண்டு விநாடி யோசித்துவிட்டேன். அந்த இரண்டு விநாடிக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.