அப்பாவின் கட்டியில் கண்ட விகாரம் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 36. அப்பாவுக்கு 58 வயது. பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். மலத்தில் இரத்தம் போனதை அவர் ஒருநாளும் காணவில்லை. உடம்பு வெளிறிக் களைத்ததால்தான் நோய் தெரிய வந்தது. அயல்வீட்டு ஐயாவுக்கோ இதே நோய் மலம் அடைத்து வயிறு வீங்கி வந்தது. அப்பாவின் அறிக்கையில் ‘எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் இல்லை, பிராஃப் விகாரம் இல்லை’ என்று உள்ளது. அப்பாவின் தங்கைக்கு 47 வயதில் கருப்பையில் புற்றுநோய் வந்தது. இது பரம்பரை நோயா? தயிரை நிறுத்தச் சொல்கிறார்களே, அது சரியா?

பதில்: பெருங்குடற் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் காணப்படும் விகாரங்கள், அதாவது மரபணுவில் நேரும் மாற்றங்கள், அந்த ஒருவரின் குடற்கலங்களில் வாழ்நாளில் உண்டானவை, அவை பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஏபிசி என்ற மரபணு முதலில் பழுதடைய, குடலின் உட்சுவரில் பொலிப் என்ற சிறு சதைமுளை ஒன்று உண்டாகிறது. பின்னர் கேராஸ், டிபி53 முதலிய மரபணுக்களிலும் விகாரம் சேரச் சேர, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சென்று அது புற்றுநோயாகிறது. ஃபியரன், வோகல்ஸ்டைன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1990இல் விவரித்த வழி இது.

உங்கள் தந்தையாரின் கட்டி இந்த வழியால் வந்ததாகத் தெரியவில்லை. கலம் பிரியும்போது மரபணு எழுத்துகளைப் படியெடுப்பதில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்களில் எம்எல்எச்1 ஒன்று. அது இல்லாவிட்டால் அதன் சோடியான பிஎம்எஸ்2உம் நிலைக்காது. திருத்துபவர் இல்லாத கலத்தில் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. பெருங்குடற் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 சதவீதம் இவ்வகையானவை. அவற்றிலும் பெரும்பான்மை, முதுமையில் எம்எல்எச்1 மரபணு இரசாயன முறையில் அணைந்துபோவதால் வருபவை. அத்தகைய கட்டிகளில் பிராஃப் என்ற மரபணுவின் விகாரம் அடிக்கடி கூடவே இருக்கும். அது இருந்திருந்தால் உங்களுக்கு ஏறக்குறைய ஆறுதலே சொல்லியிருப்பேன். அது இல்லாததையும் மாமிக்கு 47 வயதில் வந்த நோயையும் சேர்த்துப் பார்க்கையில், திருத்தும் மரபணுவின் பழுது பிறப்பிலேயே வந்து, பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி என்ற பரம்பரை நிலையை நான் வலுவாகச் சந்தேகிக்கிறேன். சந்தேகம்தான், முடிவு அல்ல. தந்தையாரின் குருதியில் மரபணுப் பரிசோதனை செய்தே உறுதிப்படுத்த வேண்டும்.

அயல்வீட்டு ஐயாவின் நோய் வேறுவிதமாக வந்ததற்கும் காரணம் உண்டு. வலப்பக்கக் குடல் அகன்றது. அங்கே மலம் நீர்த்தன்மையோடு இருப்பதால், கட்டி பூக்கோவா போல உள்நோக்கிப் பெருத்தாலும் அடைப்பு எளிதில் வராது. அது கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாகக் கசிந்து, இரும்புச்சத்தைக் குறைத்து, ஆளை வெளிறச் செய்யும். இடப்பக்கம் ஒடுங்கியது, மலமும் இறுகியது. அங்கே கட்டி வளையம் போலச் சுற்றி வளர்ந்து வழியை அடைக்கும். (நடுத்தர வயது கடந்த ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் குளிசை மட்டும் கொடுத்து அனுப்புவது எனக்கு உடன்பாடானதல்ல, குடலைப் பார்க்க வேண்டும்.) திருத்தும் புரதம் இழந்த கட்டிகள் வலப்பக்கத்தையே அதிகம் நாடுகின்றன. விகாரம் மிகுந்திருப்பதால் உடலின் நிணநீர்க் கலங்கள் அவற்றை அந்நியமாகக் கண்டு சூழ்ந்துகொள்கின்றன. ஆரம்ப நிலையில் பிடிபட்டால் அவை தொலைவுக்குப் பரவுவது குறைவாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பரவிய நிலையிலும் உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளுக்கு நன்கு இணங்குபவை இவையே.

தந்தையாரிடம் பரம்பரை விகாரம் உறுதியானால், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. இருந்தால், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி (கமெராக் குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) தேவை. இந்நிலையில் பொலிப் சில ஆண்டுகளிலேயே புற்றுநோயாகிவிடலாம். இதனை 25 வயதளவில் தொடங்குவது வழக்கம், ஆகவே குருதி முடிவு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். அறிக்கையின் பிரதியோடும் மாமியின் நோய் விவரத்தோடும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய் கிளினிக்குக்குச் செல்லுங்கள். மாதவிடாய்க்கு இடையில் இரத்தப்போக்கு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாமியின் பிள்ளைகளுக்கும் செய்தி போகவேண்டும். நம் குடும்பங்களில் கருப்பை நோயைப் பேசாமல் மூடி வைப்பதால் இந்தத் தொடர்பு தெரியாமலே போய்விடுகிறது.

தயிரை நிறுத்தத் தேவையில்லை. பால், தயிர் உண்பவர்களிடம் இந்நோய் சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது; குறைக்க வேண்டியவை சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சிகள்.