தலைப்பில் வந்த வீதம் யாருடையது?

கருத்துக்கணிப்புச் செய்திகளை நம்பலாமா என்று கேட்டவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வீடுவீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் தொழிலில் பல வருடம் இருந்தவன் நான். அரசியலை விட சவர்க்காரமும் பால்மாவும் பற்றிக் கேட்டதுதான் அதிகம். ஆனால் ஆட்களைத் தெரிவுசெய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா: ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு ஒரு கோடியே 71 இலட்சம் வாக்காளர்களின் மனதை எப்படிச் சொல்லலாம்? என்னை ஒருத்தரும் கேட்டதில்லையே?

சொல்லலாம் அக்கா, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் சோற்றை எங்கிருந்து எடுத்தோம் என்பதில்தான் சிக்கல். உங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளில் காவலாளி எங்களைக் கீழேயே மறித்துவிடுவார். "அடுத்த வீட்டைப் பார்" என்பார் மேற்பார்வையாளர். அந்த அடுத்த வீடு, பகலில் ஆள் இருந்து, கதவும் திறந்திருக்கும் வீடாகத்தான் இருக்கும். உங்களை ஏன் கேட்கவில்லை என்பதற்கும் பதில் அதுவே.

கொட்டாஞ்சேனைத் தம்பி: ஒருவருக்கு 36, மற்றவருக்கு 34 என்றால் முதலாமவர் முந்துகிறார்தானே?

இல்லை. ஆயிரம் பேரைக் கேட்டால் ஒவ்வோர் எண்ணும் சுமார் மூன்று வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். "இருவரும் சமம்" என்று எழுதினால் பத்திரிகை விற்காது, அதனால் "முந்துகிறார்" என்று போடுகிறார்கள். அதோடு நமது ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையிலேயே வெல்லப் பாதிக்கு மேல் வேண்டும். 2024இல் அநுரகுமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்தது 42.31 வீதம். வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. மூன்றாமவருக்குப் போடுபவர் இரண்டாவதாக யாரைக் குறிப்பார் என்ற கேள்வியை எத்தனை செய்திகளில் பார்த்தீர்கள்?

பம்பலப்பிட்டியிலிருந்து: "தமிழர்களில் இத்தனை வீதம் இவருக்கு" என்று போடுகிறார்களே, அது சரியா?

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் சுமார் 11 வீதம். ஆக, ஆயிரத்தில் ஏறக்குறைய 110 பேர். அங்கே மூன்று வீதம் என்ற கணக்குச் செல்லாது, ஒன்பது வரை போகும். "வடக்கு" என்று பிரித்தால் ஐம்பது பேர்தான் மிஞ்சுவார்கள். ஒருவர் மனம் மாறினால் இரண்டு வீதம் மாறும்! செய்தியின் அடியில் "மொத்த மாதிரி 1000" என்று மட்டும் இருக்கும்.

கணக்கை விடுங்கள், கேட்கும் விதத்தைப் பாருங்கள். கையில் டெப் கணினி, வாயில் அரைகுறைத் தமிழ், வாசலில் முன்பின் தெரியாத ஆள். "யாருக்குப் போடுவீர்கள்?" என்றால் நம் ஐயாமார் என்ன சொல்வார்கள்? "இன்னும் யோசிக்கேல்லைத் தம்பி." அது முடிவெடுக்காததால் வந்த பதில் இல்லை, மரியாதையாகக் கதவைச் சாத்தும் வழி. அதுவும் அட்டவணையில் "தீர்மானிக்காதோர்" என்றே ஏறும்.

அப்புறம், எந்தக் கணிப்பும் கேட்ட நாளுக்கு மட்டுமே சொந்தம். 2024 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்கு 27,086 வாக்குகள், ஏழு வீதம் சொச்சம். நவம்பர் 14இல் நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகளும் ஆறில் மூன்று ஆசனங்களும். இடையில் எட்டுக் கிழமைகூட இல்லை.

மட்டக்குளியிலிருந்து: அந்தத் தீர்மானிக்காதோரைச் செய்தியில் காணவே இல்லையே?

கழித்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம்: 30, 26, 14, தீர்மானிக்காதோர் 30. கடைசி முப்பதைத் தூக்கிவிட்டு மிச்சத்தை நூறாக்கினால் முதலாமவர் 43, இரண்டாமவர் 37. நான்கு வீத இடைவெளி ஆறாகிவிட்டது, ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை.

தெஹிவளைத் தங்கச்சி: பேஸ்புக்கில் ஐம்பதாயிரம் பேர் வாக்களித்த கணிப்பு?

1936இல் அமெரிக்காவில் ஒரு சஞ்சிகை நடத்திய ஜனாதிபதித் தேர்தல் கணிப்புக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் பதில் அனுப்பினார்கள். வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது சஞ்சிகை. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் அன்றிருந்த 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். தானாக வந்து சேரும் கூட்டம் எவ்வளவு பெருத்தாலும் அப்படித்தான்.

பொரளையிலிருந்து: 2024 இந்தியத் தேர்தலில் அங்குள்ள சேனல்களின் கணிப்புகள் பிழையாகிப் போனதே, அதுவும் இப்படித்தானா?

கொஞ்சம் வேறு. பா.ஜ.க. கூட்டணிக்கு 350 ஆசனங்களுக்கு மேல் என்றார்கள், வந்தது 293. அங்கே வாக்கை ஆசனமாக மாற்றுவதில் இன்னொரு ஊகமும் சேர்கிறது. பா.ஜ.க.வின் வாக்கு வீதம் 2019ஐ விட ஒரு வீதம்கூடக் குறையவில்லை, ஆசனங்களோ 303இலிருந்து 240க்கு இறங்கின. திரையில் அந்த ஊகத்தை யாரும் சொல்வதில்லை, கிராபிக்ஸ்தான் சுற்றும்.

அதே அக்கா திரும்பவும்: உங்களிடம் யாராவது வந்து கேட்டால் உண்மையைச் சொல்வீர்களா?

போன தேர்தலுக்கு ஒரு பிள்ளை வந்தது. வெயிலில் களைத்திருந்தது, பிளேன்டீ கொடுத்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு, "இன்னும் யோசிக்கேல்லை" என்றேன். உள்ளே மனைவி சிரித்தது வாசல் வரை கேட்டது.