பழைய ரேஸ் சைக்கிள்: விலை பேசுமுன் எதைப் பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1970-களில் வந்த பெஜோ ரேஸ் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பேர் பெற்ற கம்பெனி, அதனால்தான் இந்த விலை என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பெரிய கம்பெனிகள் எல்லாமே ஒரே பெயரில் மட்டமானது முதல் உயர்ந்தது வரை பல மாடல்களை விற்றன. பெஜோவின் பி.எக்ஸ்-10 ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்ரக எஃகுக் குழாயில் செய்த பந்தய சைக்கிள், யு.ஓ-8 சாதாரண எஃகுக் குழாயில் செய்தது. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடை. விலையிலோ ஒன்றுக்கொன்று பக்கத்தில் கூட வராது. ராலே ப்ரொஃபெஷனலுக்கும் ராலே ரெக்கார்டுக்கும் இதே கதைதான்.

முதலில் பின் சக்கர அச்சு உட்காரும் டிராப்-அவுட்டைப் பாருங்கள். நல்ல ஃபிரேமில் அது அடித்துச் செய்த கனமான துண்டாக இருக்கும். கியர் மாற்றச் செயினை நகர்த்தும் டிரெய்லரை மாட்டும் காதும் அதோடு சேர்ந்தே இருக்கும். மெல்லிய தகட்டை வெட்டிச் செய்த டிராப்-அவுட்டும், டிரெய்லருக்கென்று தனியாக முடுக்கிய கொக்கியும் இருந்தால் அது கீழ்மட்ட மாடல்.

அடுத்து சீட் போஸ்ட்டை உருவி, அதில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 27.2 மி.மீ. என்றால் குழாய்ச் சுவர் மெல்லியது, ஃபிரேம் நல்ல ரகம். 25.4 அல்லது 26.0 என்றால் பெரும்பாலும் தடித்த, மலிவான குழாய். பிரெஞ்சு சைக்கிள்களில் மட்டும் குழாயின் வெளிவிட்டமே 28 மி.மீ. என்பதால் 26.4, 26.6 கூட நல்ல அளவுதான். உங்கள் பெஜோவைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

குழாய் ஸ்டிக்கரை முழுக்கப் படியுங்கள். 531 என்ற எண் இருந்தால் மட்டும் போதாது. மூன்று பிரதானக் குழாய்கள் மட்டும் 531 என்று சொல்லும் ஸ்டிக்கர் உண்டு. ஃபோர்க், பின்கம்பிகள் உட்பட எல்லாமே 531 என்று சொல்லும் ஸ்டிக்கரும் உண்டு. பின்னதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கையில் ஒரு சின்னக் காந்தமும் இருக்கட்டும். ரிம்மிலோ, பெடலைத் தாங்கும் கிராங்கிலோ ஒட்டினால் அது இரும்பு. இரும்பு ரிம்மில் மழைக்காலத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. கிராங்கை அச்சோடு இணைக்கக் கோட்டர் பின் இருந்தால், 1970-களின் சைக்கிளைப் பொறுத்தவரை அது விலை குறைந்த மாடல் என்பதற்கு நல்ல அடையாளம்.

கேள்வி: எந்த ஆண்டு சைக்கிள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உதிரி பாகங்களே சொல்லும். ஷிமானோ பாகங்களின் உட்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஜி-சி என்று இருந்தால் 1982 மார்ச். கம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட் டிரெய்லரில் 'பேட்டன்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் இருக்கும்.

ஒரு பாகத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். டிரெய்லர், கிராங்க், பிரேக், ஹப் எல்லாமே ஓரிரு ஆண்டுக்குள் அடங்கினால் சைக்கிள் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கேள்வி: ஃபிரேம் அடிபட்டதா என்று நேரில் பார்க்கும்போது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இதை விட்டுவிட்டு மற்றதை எவ்வளவு பார்த்தும் பயனில்லை. ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள முன்குழாயில் மேல்குழாயும் சாய்குழாயும் வந்து சேரும் இடத்துக்குப் பின்னால், அடிப்பக்கமாக விரலை வைத்துத் தடவுங்கள். முன்பக்கம் மோதிய சைக்கிளில் அங்கேதான் குழாய் புடைக்கும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் கூட விரலுக்குத் தட்டுப்படும். அதே இடத்தில் பெயிண்ட் குறுக்குவாட்டில் வெடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பிறகு பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். வளைவு தொடங்குவதற்கு முன் ஃபோர்க்கின் நேரான பகுதி, முன்குழாயின் நேர்க்கோட்டிலேயே இறங்க வேண்டும். பின்னுக்குத் தள்ளியிருந்தால் எதிலோ மோதியிருக்கிறது.

மூன்றாவது, நூல் சோதனை. ஒரு பக்க டிராப்-அவுட்டில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்க டிராப்-அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின்பகுதி கோணியிருக்கிறது. எஃகு ஃபிரேம் என்றால் அனுபவசாலி நிமிர்த்திவிடுவார். அந்தக் கூலியை விலையில் கழியுங்கள். அலுமினிய ஃபிரேம் என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டில் பாரை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று சிக்கிக்கொண்டால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கப்பில் பால்ஸ் பள்ளம் போட்டுவிட்டது என்று பொருள். பால்ஸை மட்டும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ஹெட்செட்டையே மாற்ற வேண்டும்.

கேள்வி: சைக்கிள் அருமையாக இருக்கிறது, ஆனால் சீட் போஸ்ட் அசையவே இல்லை. உயரம் எனக்குச் சரியாகவே இருக்கிறது. வாங்கலாமா?

இன்று உயரம் சரியாக இருக்கிறது என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட், இடையில் வியர்வையும் மழைநீரும்: இந்த இரண்டு உலோகங்களும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, அந்த ஆக்சைடு பருத்து, போஸ்ட் குழாயைக் கவ்விக்கொள்ளும். கிரீஸ் போடாமல் வருஷக்கணக்கில் விட்டால் இதுதான் நடக்கும். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுத் திருகினால் சில நேரம் வரும். வராவிட்டால் போஸ்ட்டை உள்ளிருந்து ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் வேலை, கை தவறினால் குழாயும் போகும்.

ஹேண்டில் பாரை முன்குழாயில் பொருத்தும் ஸ்டெம் சிக்கியிருந்தாலும் இதே தலைவலிதான். ஸ்டெம் வெளியே வராமல் ஹெட்செட்டைப் பிரித்துக் கிரீஸ் போட முடியாது. அதனால் விலை பேசும் முன்பே, விற்பவரின் எதிரிலேயே இரண்டையும் அசைத்துப் பார்த்துவிடுங்கள். அசையவில்லை என்றால், வெறும் ஃபிரேமை மட்டும் வாங்குவதாக நினைத்து விலை சொல்லுங்கள்.

கேள்வி: புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. பழைய பெயிண்ட் உரிந்த சைக்கிளைவிட இது மேல்தானே?

இல்லை. கீறலும் உரிசலும் உள்ள அசல் பெயிண்டையும் அசல் ஸ்டிக்கரையும்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். மறுபெயிண்ட், குழாயின் புடைப்பையும் வெடிப்பையும் மூடி மறைக்கவும் செய்யும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் புதிதாக அச்சடித்து ஒட்டலாம். அதனால் மறுபெயிண்ட் செய்ததில் ஸ்டிக்கர் சொல்வதை நம்பாதீர்கள். டிராப்-அவுட்டும் சீட் போஸ்ட் அளவும் சொல்வதை நம்புங்கள்.

கேள்வி: மரைகள் பொருந்தாது என்று பயமுறுத்துகிறார்களே?

பாதி உண்மை. கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் பொதுவாக இரண்டு வகை எளிதில் கிடைக்கும். ஆங்கில மரையில் கூடு 68 மி.மீ. அகலம், வலப்பக்கக் கப் இடமரை. இத்தாலிய மரையில் கூடு 70 மி.மீ., இரு பக்கமும் வலமரை. பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் 35 மி.மீ. விட்டத்துக்கு 1 மி.மீ. புரி, அதுவும் இரு பக்கமும் வலமரை. அதற்குப் பாகம் தேடுவது சிரமம். நாட்டிங்ஹாமில் செய்த கீழ்மட்ட ராலேக்களில் அங்குலத்துக்கு 26 புரி வரும் தனி மரை, அதுவும் அப்படித்தான். இந்த வகைகளில் இருக்கும் கப்பும் அச்சும் நல்ல நிலையில் இருந்தால் கவலையில்லை. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், மெல்லச் சுற்றுங்கள். ஆட்டமும் கரகரப்பும் இருந்தால் யோசியுங்கள்.

கேள்வி: 27 அங்குல வீலை 700சி ஆக மாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். ரிம் விட்டம் 630-க்குப் பதில் 622 மி.மீ.; பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கைகளில் அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பின் டிராப்-அவுட் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள்: ஐந்து கியர் காலத்தது 120 மி.மீ., ஆறு ஏழு கியர் காலத்தது 126, இன்றைய ரிம் பிரேக் சாலை ஹப் 130.

கேள்வி: எல்லாம் பார்த்தாயிற்று. எவ்வளவு சொல்வது?

விளம்பரத்தில் கேட்கும் விலையை வைத்துக் கணக்கிடாதீர்கள். அதே மாடல் உண்மையில் விற்றுப்போன விலைகளைத் தேடிப் பிடியுங்கள். அது ஓடும் நிலையில் உள்ள சைக்கிளின் விலை. அதிலிருந்து நீங்கள் மாற்ற வேண்டியவற்றைக் கழியுங்கள்: டயர் இரண்டு, டியூப் இரண்டு, பிரேக் கட்டை நான்கு, பிரேக் கியர் கேபிள்கள், ஹேண்டில் டேப், பால்ஸ், கிரீஸ். செயினில் 24 கண்ணிகளை அளந்தால் 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயின் போயிற்று. எட்டில் ஒரு பங்கு என்றால் ஃப்ரீவீலும் கூடவே போயிருக்கும். வீல் கோட்டம் எடுக்கும் கூலியையும் சேருங்கள்.

இந்தக் கழிவு பல சமயம் மட்ட ரக சைக்கிளின் முழு விலையையும் தின்றுவிடும். உயர்ரக ஃபிரேமுக்கு அதே செலவு சிறு பங்குதான். அதனால்தான் பழுது நிறைய உள்ள நல்ல ஃபிரேமை வாங்கலாம், பழுது கொஞ்சமே உள்ள மட்ட ஃபிரேமுக்கு யோசிக்க வேண்டும் என்கிறோம்.

இத்தாலியில் 1997 முதல் நடக்கும் எரோய்கா சவாரிக்கு பொதுவாக 1987-க்கு முந்தைய பந்தய சைக்கிள்தான் வேண்டும். கியர் லிவர் சாய்குழாயில் இருக்க வேண்டும், பெடலில் கிளிப்பும் வாரும் வேண்டும். அந்த விதிக்குப் பொருந்தும்படி மாறாமல் இருக்கும் சைக்கிளுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் காலுக்குப் பெரிதான ஃபிரேமுக்கு எந்த விலையும் கொடுக்க வேண்டாம். பணத்தை நீட்டுமுன் சைக்கிளைக் கவிழ்த்து, பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் படியுங்கள். அது சுரண்டி அழிக்கப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.