அவன் சொன்ன அந்த ஒரு வரியை முதலில் கவனியுங்கள்

சகோதரி, பதினொன்றாம் வகுப்பு மகன் பள்ளிக்குப் போக மறுப்பதையும் இரவெல்லாம் விழித்திருப்பதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று அவன் சொன்னதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்னைக் கவலைப்படுத்துவது அதுதான்.

இன்றைக்கே அவனைத் தனியாக உட்காரவைத்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனத்தில் அடைத்துவைத்ததைச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாமல் அப்போதே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

விவசாயக் குடும்பம் என்கிறீர்கள். பூச்சிமருந்து ஒரு சொட்டுக்கூட வீட்டில் இருக்கக் கூடாது. தாத்தாவின் மாத்திரைகளையும் பூட்டிவையுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இல்லை என்று சொன்னாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அதற்கு முன் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் நீங்களே பேசலாம். இலவசம், நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் புரிகிறது. சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. மாமியார் கோயிலுக்கு அழைத்துப்போகட்டும், தடுக்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.