கேளுங்கள், சொல்கிறோம்: நோட்டுப் பக்கமும் மைதானமும்

கேள்வி: 'இந்தப் பருவத்தில் வகுப்பிலும் மைதானத்திலும் நான் கற்றவை' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகன், "நான் நன்றாகப் படித்தேன். நன்றாக விளையாடினேன்" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டான். நானே சொல்லி எழுத வைக்கலாமா?
– ஒரு தாய், கரூர்

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதினால் கையெழுத்து மட்டும்தான் அவனுடையதாக இருக்கும். அவனிடம் விஷயம் இல்லாமல் இல்லை. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. "இன்னைக்கு என்ன படிச்ச?" என்றால் "கணக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். "எந்த இடத்துல தப்பாச்சு? அப்புறம் என்ன பண்ணின?" என்று கேட்டுப் பாருங்கள். சாக்கு ஓட்டத்தில் விழுந்தது, வகுத்தலில் மீதி எழுத மறந்தது என்று ஒவ்வொன்றாக வரும்.

ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் பேச விடுங்கள். சூடு ஆறுவதற்குள் நோட்டைக் கொடுங்கள். முதல் தடவை எழுதும்போது பிழை திருத்தவே கூடாது. ல, ள, ழ மூன்றுக்கும் சிவப்பு மையால் கோடு போட்டால், அடுத்த முறை பிழை வராத சொற்களை மட்டும் தேடி எழுதுவான். அந்த இரண்டு வரி அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். எழுதியதை அவனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன சொல் அவன் காதுக்கே தட்டுப்படும். பிறகு இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவே இல்லை. ஆனால் விளையாட்டு என்றால் உயிர். இதற்கு என்ன வழி?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: அந்த விளையாட்டையே கணக்காக்குங்கள். வாசலில் ஒரு கோடு போட்டு, நின்ற இடத்திலிருந்தே இரண்டு காலாலும் தாண்டச் சொல்லுங்கள். தையல் டேப் 150 செ.மீ. இருக்கும், அதுவே போதும். கோட்டிலிருந்து, அதற்கு அருகில் பதிந்த குதிகால் தடம் வரை அளக்க வேண்டும். பின்னால் சாய்ந்து கை ஊன்றியிருந்தால் கை பட்ட இடம்தான் கணக்கு. குழந்தைகள் டேப்பின் 1-ஐக் கோட்டில் வைப்பார்கள்; நுனியை வைக்கப் பழக்குங்கள். டேப் சாய்ந்தால் அளவு கூடிக் காட்டும்.

நேற்று 98, இன்று 112 என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு கூடியிருக்கிறது? விடை 14. அவள் 186 என்று எழுதினால், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். 24 என்று எழுதினால், பத்தைக் கடன் கொடுத்த இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கிறாள். இரண்டும் வேறு வேறு தவறு, மருந்தும் வேறு. முதலாவதற்கு டேப்பையே காட்டுங்கள்: "நீ தாண்டினதே 112, கூடினது மட்டும் 186 ஆகுமா?" இரண்டாவதற்கு ஈர்க்குச்சி. பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். கடன் கேட்கும்போது கட்டை அவளே அவிழ்க்கட்டும். அவிழ்த்த கட்டு இனி கட்டாக இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த 'ஒன்று குறைவு' மனதில் பதியும்.

கேள்வி: சாக்கு ஓட்டத்தில் விழுந்துகொண்டே இருக்கிறேன். எலுமிச்சைப் பழமும் கீழே விழுகிறது. நான் என்ன செய்யட்டும்?
– நாலாம் வகுப்பு மாணவன், தென்காசி

பதில்: தம்பி, சாக்கின் அடியில் இரண்டு மூலை இருக்கும் இல்லையா? மூலைக்கு ஒரு பாதமாக வை. சாக்கை இடுப்புக்கு மேலே இழுத்து இறுகப் பிடி. தளர்ந்த துணி காலுக்கடியில் போய் மிதிபடுவதால்தான் விழுகிறாய். பெரிதாகத் தாவாதே, சின்னச் சின்ன எட்டாகப் போ. கரண்டியை வாயில் கடித்து ஓடும்போது தலையை ஆட்டாமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வேகமாக நட. பக்கத்தில் வருபவனைத் திரும்பிப் பார்த்தால் பழம் போய்விடும். சாப்பிட்ட உடனே ஓடாதே, விலாவில் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: பி.டி. வகுப்பு வாராவாரம் கணக்குப் பாடமாகிவிடுகிறது. யாரிடம் கேட்பது?
– பெற்றோர், அரசுத் தொடக்கப் பள்ளி

பதில்: முதலில் வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள். பாடம் முடியவில்லையே என்ற நெருக்கடி அவருக்கும் உண்டு. மேலே சொன்ன டேப் கணக்கை மைதானத்திலேயே நடத்தலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் அதுவும் விளையாட்டு நேரத்துக்கு ஈடாகாது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

பேசியும் மாறவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. "விளையாட விடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, எத்தனை வாரமாக என்று குறித்துக்கொண்டு போங்கள். முடிவு பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.