2 ஏக்கர் வயல் கணினியில் 2.09 ஆனது எப்படி?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் எங்கள் அப்பாவின் வயல். வரப்போடு நடந்து நான்கு மூலைகளையும் கைபேசி ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொண்டேன். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற நிலவரைபடத் தரவுத்தள மென்பொருளில் பரப்பு கேட்டால் 0.00000067 என்கிறது. 3857 என்ற எண் கொண்ட வரைபட முறைக்கு மாற்றிக் கேட்டால் 2.09 ஏக்கர். பட்டாவில் 2 ஏக்கர்தான். பக்கத்து வயலில் 9 சென்ட்டை நாங்கள் உழுகிறோமா?

பதில்: அந்த 9 சென்ட்டைப் பெருக்கிக் காட்டியது நீங்கள் எடுத்த கணக்குமுறை. அதை வைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கணினிக்கு வயல் தெரியாது. நான்கு சோடி எண்களும், அவற்றின் மேல் ஒட்டிய 4326 என்ற சீட்டும்தான் தெரியும். இவை டிகிரிகள் என்பது அந்தச் சீட்டின் பொருள். ஆனால் தரவு 'ஜியாமெட்ரி' வகையில் இருந்தால், பரப்பு கணக்கிடும் எஸ்டி_ஏரியா கட்டளை அதைச் சமதளமாகவே எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுவிடும். விடை சதுர டிகிரியில் வரும். தஞ்சாவூரில் ஒரு சதுர டிகிரி ஏறக்குறைய 12,100 சதுர கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 2 ஏக்கர் வந்து நிற்கும்.

3857 என்பது வெப் மெர்க்கேட்டர். திரையில் வரைபடம் காட்டுவதற்கு நல்லது, அளப்பதற்கு ஆகாது. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக நிலத்தை ஊதிக் காட்டும். ஸ்ரீநகரில் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும் என்பதால் உடனே கண்ணில் படும். தஞ்சாவூரில் சுமார் 4 விழுக்காடுதான். நம்பும்படி இருப்பதால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

தரவை 'ஜியாக்ரஃபி' வகைக்கு மாற்றிப் பரப்பு கேளுங்கள். பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சதுர மீட்டரில் தரும். 4046.86-ஆல் வகுத்தால் ஏக்கர். இல்லையென்றால் பூமியை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு, அதாவது 32644-க்கு மாற்றுங்கள். (கோவை போல 78 டிகிரிக்கு மேற்கே உள்ள ஊர்களுக்கு 32643.) மாற்றுவதற்கு எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம்தான். எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி சீட்டை மட்டும் மாற்றி ஒட்டும், எண்கள் அப்படியே கிடக்கும். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

புள்ளியை உருவாக்கும்போது தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாற்றிப் போட்டால் உங்கள் வயல் நார்வேயின் ஸ்வால்பார்டு பக்கம் போய்விடும். ஜியாக்ரஃபி கணக்கில் பரப்பும் 39 சென்ட்டாகச் சுருங்கும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த விடையைத் தந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கைபேசி தரும் புள்ளி திறந்தவெளியில்கூடச் சுமார் 5 மீட்டர் தள்ளி விழலாம். சதுரமான 2 ஏக்கர் வயலின் பக்கம் 90 மீட்டர். ஒரு பக்கம் முழுதும் 5 மீட்டர் நகர்ந்தால் 450 சதுர மீட்டர், அதாவது 11 சென்ட்! நீங்கள் தேடும் 9 சென்ட்டைவிட அதிகம். எல்லையில் உண்மையிலேயே ஐயம் இருந்தால் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு நில அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அளக்கும்போது பக்கத்து வயல்காரரும் கூட இருக்கட்டும்.