மகள் மதம் மாற விரும்பினால் பெற்றோருக்கு என்ன உரிமை?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு 16 வயது. ஒரு வருடமாகத் தோழியோடு சபைக்குப் போகிறாள், ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொல்கிறாள். கண்டித்ததும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வர மறுக்கிறாள். கோர்ட் மூலம் தடுக்க முடியுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அவளை வீட்டுக்கு அழைத்துவர சட்டம் உதவும். அவள் மனதில் இருக்கும் நம்பிக்கையை மாற்ற எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. இந்த இரண்டையும் ஒரே மனுவில் கேட்கும்போதுதான் வழக்கு சிக்கலாகிறது.

18 வயது வரை பெற்றோரே காப்பாளர். 1890-ம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 25-வது பிரிவில் மனு போடலாம். ஆனால் திரும்பி வருவது மகளின் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும். நீதிபதி பெரும்பாலும் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுவார். யோசித்துச் சொல்லும் வயது என்றால் அவள் விருப்பத்தையும் கருத்தில் கொள்ளலாம் என்கிறது அதே சட்டத்தின் 17-வது பிரிவு. 16 வயதுப் பெண் சொல்வதை எளிதில் ஒதுக்கமாட்டார்கள். 'அடித்தார்கள், அறையில் பூட்டினார்கள், பள்ளிக்கு அனுப்பவில்லை' என்று அவள் சொன்னால், குழந்தைகள் நலக் குழு வழியாகக் காப்பகத்துக்கு அனுப்பப்படலாம். பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதாக, சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் உங்கள் மீதே வழக்கு வரலாம். அதனால் கை ஓங்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள்.

தோழி வீட்டார் மீது கடத்தல் புகார் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 137-வது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் அவர்கள் அழைத்துப்போனார்கள் அல்லது ஆசைகாட்டி வரவழைத்தார்கள் என்பது நிரூபணமாக வேண்டும். சிறுமி தானாகவே வெளியேறியிருந்தால் அது கடத்தல் ஆகாது என்று மெட்ராஸிலிருந்து மேல்முறையீடாகப் போன வரதராஜன் வழக்கில் 1964-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசி, குழந்தைகள் நலக் குழு முன் இரு தரப்பும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை, 18 வயது வரை பொறுத்திருக்கும்படி சபைப் போதகரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பட்டியல் சாதியினர் என்றால் மகளிடம் இன்னொன்றையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்: கிறிஸ்தவத்துக்கு மாறினால் எஸ்.சி. சான்றிதழ் செல்லாது. ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குத் தொடர்ந்து போன புதுச்சேரிப் பெண்ணுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முடிவு அவளுடையதுதான். ஆனால் கல்லூரிச் சேர்க்கை நெருங்கும் நேரத்தில் இது தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி: பிரிந்து வாழும் மனைவி கிறிஸ்தவராகிவிட்டார். 13 வயது மகனும் அவரோடு சர்ச்சுக்குப் போகிறான். இந்தக் காரணம் போதுமா, மகனை என்னிடம் ஒப்படைக்க?
– ஒரு தந்தை, கரூர்

பதில்: போதாது. 1956-ம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, இந்துவாக இல்லாமல் போனவர் இயற்கைக் காப்பாளராக (பெற்றோர் என்பதாலேயே சட்டம் ஏற்கும் காப்பாளராக) இருக்க முடியாது. தந்தை மாறினாலும் இதே விதிதான். ஆனால் பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை 13-வது பிரிவே தீர்மானிக்கிறது. அங்கே பிள்ளையின் நலன்தான் முதன்மை. பிரமாணப் பத்திரம் முழுக்க மதத்தைப் பற்றியே எழுதினால், 'பையன் நலனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே' என்ற கேள்விதான் வரும். பள்ளி, தங்குமிடம், யார் உடன் இருந்து பார்த்துக்கொள்வார்கள், அவன் உங்களோடு எவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறான் என்பதை எழுதுங்கள். மகன் மதம் மாறினாலும் ஜீவனாம்சத்தை நிறுத்திவிடாதீர்கள், ஜீவனாம்சம் பற்றிய பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-வது பிரிவு பிள்ளையின் மதத்தைப் பார்ப்பதில்லை.